உயிர்ப்பல்வகைமையை ஏன் காக்க வேண்டும்: யாழ்ப்பாணத்து மாணவர்களுக்கு எப்படிச் சொல்வது?

வலிகாமத்தில் தரம் 10, 11 மாணவர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் ஓர் இளம் ஆசிரியை கேட்டிருக்கும் கேள்வி இது: "உயிர்ப்பல்வகைமையின் வரைவிலக்கணத்தைப் பிள்ளைகள் பிழையில்லாமல் எழுதுகிறார்கள். அதை ஏன் காக்க வேண்டும் என்று கேட்டால், 'சூழல் சமநிலைக்காக' என்று எல்லோரிடமும் ஒரே பதில். அது அவர்கள் மனத்தில் பதிய என்ன செய்யலாம்? பாடத்திட்டத்தில் இதற்கு அதிக நேரமும் இல்லை."

பிள்ளைகளிடம் குறை காண எனக்கு மனம் இல்லை. உயிர்ப்பல்வகைமை என்றதும் நாம் அவர்களுக்குக் காட்டும் படங்கள் சிங்கராஜா வனம், யானைக் கூட்டம், சிறுத்தை, மலைநாட்டுக் காடு. 1988இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட சிங்கராஜாவை அவர்கள் அறிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் குடாநாட்டுப் பிள்ளை தன் ஊரைத் திரும்பிப் பார்த்தால் மலை இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர ஆறு இல்லை. காடு என்று சொல்லத்தக்க காடும் அதிகம் இல்லை. எனவே அது தனக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது: இது வேறு மாவட்டத்துச் சங்கதி, அதைக் காப்பது வேறு யாருடையதோ வேலை. இந்த எண்ணத்தை முதலில் மாற்றாமல் நாம் எதைச் சொன்னாலும் அது பரீட்சை விடையாகவே நின்றுவிடும்.

காடு குறைந்த இடத்தில் உயிர்கள் எங்கே இருக்கின்றன? வேலியில், பனங்கூடலில், கோயில் மரத்தில், குளக்கரையில், தோட்டத்து வரம்பில், களப்பின் ஓரத்துக் கண்டல் மரங்களில். எல்லாமே மனிதர் புழங்கும் இடங்கள். வேலியைப் பிடுங்கி மதில் கட்டுவதா, வடலிகளைத் தறிப்பதா, குளத்தின் ஓரத்தை மண் போட்டு நிரப்புவதா என்ற முடிவுகள் வீட்டு விறாந்தையிலும் சனசமூக நிலையத்திலும் எடுக்கப்படுகின்றன. அந்த விறாந்தையில் உங்கள் மாணவரும் உட்கார்ந்திருக்கிறார். வன்னியிலோ சிங்கராஜாவிலோ ஒரு காட்டைக் காப்பதில் பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பெரிய பங்கு இருக்க முடியாது. குடாநாட்டில் அந்தப் பிள்ளையின் வீட்டார் நினைத்தால் நாளைக்கே ஒன்றைக் காக்கவும் முடியும், அழிக்கவும் முடியும். நான் சொல்ல வருவதெல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கிறது.

தொடக்கத்துக்கு, உலர்த்திய பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற் கூழை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் கூழ் குடிக்காத பிள்ளை அநேகமாக இருக்காது. கூழுக்குள் என்னென்ன போடுவார்கள் என்று கேட்டுக் கரும்பலகையில் எழுதுங்கள்: ஒடியல் மா, மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முசுட்டை இலை அல்லது முருங்கை இலை, புளி, செத்தல் மிளகாய். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கும். பிள்ளைகள் அதற்காகச் சண்டை பிடிப்பார்கள், விடுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்விகள்: இது எங்கே வாழ்ந்தது? எதை நம்பி வாழ்ந்தது? அடுத்த தலைமுறை உண்டாக யார் உதவினார்கள்?

இந்த மூன்று கேள்விகளில் பாடம் தானாக விரியும். இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் களப்புக்குள் வந்து கண்டல் வேர்களுக்கிடையிலும் கடற்புல்லுக்கிடையிலும் ஒதுங்கி வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்புகின்றன. ஓரா மீன் அந்தக் கடற்புல்லையும் பாசியையும் மேய்கிறது. பயிற்றங்காய்ச் செடியின் வேர் முடிச்சுகளில் வாழும் பற்றீரியா, காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு உணவாக்கிக் கொடுக்கிறது. ஒரு செடியைப் பக்குவமாகக் கிண்டி எடுத்து முடிச்சைக் கீறிக் காட்டினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரியும். வேலை நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். முசுட்டையை யாரும் நடுவதில்லை, அது வேலியில் தானாகப் படர்கிறது. ஒடியலுக்குப் பனங்கொட்டை வேண்டும். பனங்கொட்டைக்கு ஆண்பனையின் மகரந்தம் பெண்பனைக்குப் போய்ச் சேர வேண்டும். மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்தும் புளி ஆபிரிக்காவிலிருந்தும் வந்தவை என்பது பிள்ளைகளுக்குப் பெரிய வியப்பாக இருக்கும். உலகத்தின் மறுகோடியில் யாரோ ஒரு சமூகம் ஒரு காட்டுச் செடியை விட்டுவைத்ததால்தான் எங்கள் கூழ் உறைக்கிறது.

அடுத்து அழிப்பானைக் கையில் எடுங்கள். "கண்டல் போய்விட்டது" என்று சொல்லி, எதை அழிக்கலாம் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். இறாலை அழிப்பார்கள், நண்டில் தயங்குவார்கள், மீனில் வாதிடுவார்கள். "வேலி போய்விட்டது" என்றால் முசுட்டை. "வண்டு போய்விட்டது" என்றால் என்னவெல்லாம் என்று யோசிப்பார்கள். கடைசியில் உப்பும் தண்ணீரும் மிஞ்சும் நிலைக்கு அவர்களே வந்து சேர்வார்கள். தண்ணீரும் மிஞ்சுமா என்பதற்குப் பின்னால் வருகிறேன். 'சூழல் சமநிலை' என்று விடைத்தாளில் எழுதும் சொல்லுக்கு இப்போது ஓர் உருவம் கிடைத்திருக்கும்.

வரைவிலக்கணத்திலுள்ள மூன்று மட்டங்களுக்கு அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான், அம்பலவி, செம்பாட்டான், விலாட்டு எல்லாம் மா என்ற ஒரே இனம். அவற்றுக்கிடையேயுள்ள வேறுபாடு மரபணுப் பல்வகைமை. கூழ்ப் பானைக்குள் இருப்பது இனப் பல்வகைமை. செம்மண் தோட்டம், களப்பு, மணற்குன்று, குளம் ஆகியவை சூழற்றொகுதிப் பல்வகைமை. இவ்வளவு போதும். 1992இல் ரியோவில் உருவான உயிர்ப்பல்வகைமைச் சமவாயத்தை இலங்கை 1994இல் ஏற்று உறுதிசெய்தது என்பதையும், நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தை 2030ஆம் ஆண்டுக்குள் பாதுகாப்பது என்று 2022இல் உலக நாடுகள் இலக்கு வைத்தன என்பதையும் ஒரு குறிப்பாகக் கொடுத்துவிடுங்கள்.

நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் மகரந்தச் சேர்க்கை. ஏனென்றால், பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்து பார்த்து, முடிவைக் கண்ணால் காணக்கூடிய இடம் அது. பூசணியில் ஆண்பூவும் பெண்பூவும் வேறு வேறு. பெண்பூவின் அடியில் குஞ்சுக்காய் இருக்கும், மொட்டிலேயே அடையாளம் காணலாம். மறுநாள் காலை விரியப்போகும் பெண்மொட்டுகள் சிலவற்றை மாலையில் மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டச் சொல்லுங்கள். சிலவற்றைத் திறந்தபடி விடட்டும். இன்னும் சிலவற்றை மூடி வைத்து, காலையில் ஓர் ஆண்பூவைப் பறித்துக் கையால் மகரந்தம் தடவி, மறுபடியும் மூடட்டும். பூசணிப்பூ விடியலில் விரிந்து முற்பகலுக்குள் வாடிவிடுவதால் மாலைக்குள் பையை எடுத்துவிடலாம். சில நாட்களில் விடை தெரியும்: மூடியே வைத்த பூவின் குஞ்சுக்காய் மஞ்சளாகி உதிரும். கையால் தடவியது பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். அப்போது ஒரு கேள்வியைக் கேளுங்கள்: தேனீ இல்லாவிட்டால் உங்கள் அப்பா ஒவ்வொரு காலையும் தோட்டத்துப் பூ ஒவ்வொன்றையும் தடவ வேண்டும், அதற்குக் கூலி எவ்வளவு, அப்படியானால் சந்தையில் பூசணி என்ன விலை? பிள்ளைகள் கணக்குப் போடட்டும். கமக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள் இந்தக் கணக்கில் நம்மை விடக் கெட்டிக்காரர்கள்.

கத்தரி இன்னும் நுட்பமான பாடம். கத்தரிப்பூவின் மகரந்தப்பை நீளவாக்கில் வெடிப்பதில்லை; நுனியிலுள்ள சிறு துளை வழியாகத்தான் மகரந்தம் வெளிவரும். காற்றசைவில் ஓரளவு கொட்டும். நன்றாகக் கொட்ட வேண்டுமானால் பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும் வண்டு வர வேண்டும். தேன்கூடு கட்டும் தேனீயால் அப்படி அதிர்விக்க முடியாது. காய்ந்த மரத்திலும் வீட்டு வளைகளிலும் துளைபோட்டுக் குடியிருக்கும் கரிய பெரிய வண்டால் முடியும். பாடசாலை ஆய்வுகூடத்தில் இசைக்கவை இருக்கும். அதைத் தட்டி, விரிந்த கத்தரிப்பூவின் மகரந்தப்பையில் மெல்லத் தொட்டுப் பாருங்கள். கீழே கறுப்புக் கடதாசி ஒன்றைப் பிடித்தால் மஞ்சள் தூள் கொட்டுவது தெரியும். தேனீ வளர்த்தால் போதும், மற்றப் பூச்சிகள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது. கொடித்தோடைக்கும் அந்தக் கரிய வண்டே பொருத்தம். புடலம்பூ மாலையில் விரிகிறது, அதற்கு இரவில் பறக்கும் அந்துப்பூச்சி வேண்டும். வேலைகள் பல, வேலையாட்களும் பலவகை. ஒருவர் இல்லாத இடத்தை மற்றவர் எப்போதும் நிரப்பிவிட முடியாது. 'பல்வகை' ஏன் தேவை, வெறுமனே 'நிறைய' ஏன் போதாது என்பதைப் பிள்ளைகள் இங்கே பிடித்துக்கொள்வார்கள்.

அந்தக் கரிய வண்டு எங்கே குடியிருக்கிறது என்று தேடினால் வேலிக்கு வந்து சேர்வோம். பூவரசு, கிளுவை, முள்முருக்கு, ஆடாதோடை, சீமைக்கிளுவை என்று கதியால் நட்டு வளர்த்த வேலி யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு சிறு காடு. வீட்டுக்கு வீடு தொடர்ந்து ஓடுவதால் ஓணானும் செண்பகமும் கீரியும் ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிலத்தில் அம்பிடாமல் போய்வர அது பாதையாகவும் இருந்தது. பூவரசங்குழையை வெட்டித் தோட்டத்தில் தாட்டார்கள், ஆட்டுக்குக் குழை போட்டார்கள், கதியால் உலர்ந்தால் விறகு. இப்போது வெளிநாட்டுக் காசு வந்த வீடுகளில் முதலில் எழுவது மதில். பாதுகாப்புக்காகக் கட்டுகிறார்கள், அவர்களைக் குறை சொல்லிப் பாடம் நடத்த வேண்டாம். மாணவரைக் குழுக்களாகப் பிரித்துப் பத்து மீற்றர் கதியால் வேலியையும் பத்து மீற்றர் மதிலையும் ஒரே நேரத்தில், ஒரே அளவு நேரம் பார்க்கச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. 'சிறிய கறுப்பு எறும்பு', 'மஞ்சள் பட்டாம்பூச்சி' என்று எழுதட்டும். இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். மதில் வேண்டும் என்று நினைக்கும் வீட்டிலும் மதிலுக்கு உட்புறம் ஒரு வரிசை பூவரசு நடலாமே என்ற யோசனையைப் பிள்ளைகளில் ஒருவர் சொல்லுவார். அது உங்கள் வாயிலிருந்து வராமல் இருப்பது நல்லது.

பெயர் கண்டுபிடிக்க ஐநேச்சுரலிஸ்ட், கண்ட பறவைகளைப் பதிவுசெய்ய இ-பேர்ட் ஆகிய செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பிள்ளைகள் எடுக்கும் படங்களும் பதிவுகளும் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் தரவாகவும் சேர்கின்றன. வடக்கில் பதிவுகள் இன்னும் கூட வேண்டும், ஆகவே பிள்ளைகளின் பதிவு வீண்போகாது.

மரபணுப் பல்வகைமை ஏன் முக்கியம் என்பதற்கு இரண்டு கதைகள் சொல்லுங்கள். அயர்லாந்தில் ஏழைகள் பெரும்பாலும் ஒரே வகை உருளைக்கிழங்கை நம்பி வாழ்ந்தார்கள். கிழங்கிலிருந்து கிழங்காகப் பெருக்கியதால் வயலிலிருந்த செடிகளெல்லாம் மரபணுவில் ஒரே அச்சு. 1845இல் இலை கருகிக் கிழங்கு அழுகும் நோய் வந்தபோது ஒன்று விழுந்த இடத்தில் எல்லாம் விழுந்தன. பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் இறந்தார்கள், அதைவிடக் கூடுதலானோர் நாட்டை விட்டுப் போனார்கள். யாழ்ப்பாணத்தில் உருளைக்கிழங்கும் சின்ன வெங்காயமும் வாழையும் இன்றும் கிழங்காகவும் குமிழாகவும் குட்டியாகவும்தான் நடப்படுகின்றன என்பதை நினைவூட்டினால், அயர்லாந்து அவ்வளவு தூரத்தில் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

மற்றது நெல்லின் கதை. 1970களின் தொடக்கத்தில் ஆசிய நெல்வயல்களை ஒரு வைரசு நோய் தாக்கியது; நெல் புல்லைப் போலக் குட்டையாகிக் கதிர் விடாமல் நின்றது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 6,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தது. எதிர்ப்பாற்றல் கிடைத்தது ஒன்றே ஒன்றில்: உத்தரப்பிரதேசத்தில் சேகரித்திருந்த ஒரு காட்டு நெல். உண்பதற்கு உதவாத, யாரும் விதைக்காத களை அது. அதன் எதிர்ப்பாற்றலைச் சேர்த்து உருவாக்கிய ஐ.ஆர்.36 என்ற நெல் 1976இல் வெளியாகி ஆசியா முழுவதும் பயிரானது. அதே காட்டு நெல் இனம் இலங்கையின் உலர் வலயத்துக் குளங்களிலும் வளர்கிறது. இலங்கைக்கு மட்டுமே உரிய இன்னொரு காட்டு நெல்லும் உலர் வலயத்தில் உண்டு. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பழைய நெல்வகைகளையும் மற்றப் பயிர்களின் விதைகளையும் 1988 முதல் கன்னொறுவையிலுள்ள தாவர மரபணு வள நிலையம் சேர்த்து வைத்திருக்கிறது. "எதற்கும் உதவாத செடி" என்று ஒரு பிள்ளை சொல்லும்போது இந்தக் காட்டு நெல்லை நினைவூட்டுங்கள்.

கூழ்ப் பானையில் கடைசியாக மிஞ்சிய தண்ணீருக்கு வருகிறேன். குடாநாட்டின் குடிநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர். அது கீழேயுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்துவிடும். அந்த நாட்களில் குளங்களும் வயல்களும் தாமரையும் அல்லியும் நிறைந்த பள்ளங்களும் நீரைத் தடுத்து நிறுத்தி மண்ணுக்குள் இறக்கினால்தான் சித்திரையில் கிணற்றில் தண்ணீர். சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் நிறைந்தது. மேலே போட்ட யூரியாவும் மலசலகூடக் குழியின் கழிவும் வேகமாகக் கீழே இறங்கிவிடுகின்றன. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வுகள் தொடர்ந்து காட்டியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். இதில் உயிர்ப்பல்வகைமை எங்கே வருகிறது? மண்புழுவும் பங்கசும் பற்றீரியாவும் உள்ள, குழை தாட்ட, சணல் விதைத்து உழுத மண் நைதரசனைப் பிடித்து வைத்துப் பயிருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. உயிர் செத்த மண் எல்லாவற்றையும் கிணற்றுக்கு ஒழுகவிடுகிறது. பசளையை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லும் பாடம் இது என்று எண்ணிவிடக் கூடாது. 2021இல் நாடு முழுவதும் இரசாயனப் பசளையைத் திடீரென்று தடைசெய்து, சில மாதங்களிலேயே தடையை விலக்க நேர்ந்ததைக் கமக்காரக் குடும்பங்கள் மறக்கவில்லை. மண்ணுக்கு உயிர் திரும்ப ஆண்டுகள் எடுக்கும் என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும்.

கடலோரப் பாடசாலையானால் வேறு வழியாகப் போகலாம். இழுவைமடியின் பாரம் கடலடியை உழுதுகொண்டு போகும்போது மீனோடு சேர்ந்து கடற்புல்லும் பிடுங்கப்படுகிறது. இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. பாக்குநீரிணையின் மறுகரையிலிருந்து வரும் இழுவைப் படகுகளின் பிரச்சினை இன்னும் தீரவில்லை என்பதைக் கடற்றொழிலாளரின் பிள்ளைகள் நமக்குச் சொல்லித் தருவார்கள். நாளொன்றுக்கு 30 கிலோவுக்கு மேல் கடற்புல் மேயும் ஆவுளியாவை, அதாவது கடற்பசுவை, அவர்களின் தாத்தாமார் பார்த்திருக்கலாம்; பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். வடமராட்சி கிழக்கிலானால் மணற்காட்டுக் குன்றுகளும், அவற்றைப் பிடித்து நிற்கும் அடம்பனும் இராவணன் மீசையும். 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று ஒற்றுமைக்குச் சொல்லும் பழமொழியைத் தாவரவியலாகவே கற்பிக்கலாம்: ஒரு கொடியால் முடியாததைப் படர்ந்த கொடிகள் செய்கின்றன, மணல் நகராமல் நிற்கிறது. 2004 சுனாமியைக் கண்ட கரையில் மணற்குன்று எதற்கு என்று விளக்கத் தேவையில்லை.

தாத்தாமாரைச் சொன்னேன். அவர்களிடம் ஒரு வேலை இருக்கிறது. மீன்வள ஆய்வாளர் டானியல் போலி 1995இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஒவ்வொரு தலைமுறையும் தான் சிறுவயதில் கண்டதையே இயல்பு என்று எடுத்துக்கொள்கிறது, அதனால் இழப்பு எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது. இதற்கு மருந்து அம்மம்மாவிடமும் அப்பப்பாவிடமும் கேட்பதுதான். உங்கள் சின்ன வயதில் வளவில் என்னென்ன பறவை வந்தது, குளத்தில் என்ன மீன், பனங்கூடல் எதுவரை இருந்தது, இப்போது இல்லாதது எது? போரில் பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்ட பனைகளைப் பற்றி நிச்சயம் யாராவது சொல்லுவார்கள். துயரமும் வரும், கவனமாகக் கையாளுங்கள். நினைவு பிசகலாம் என்பதால் மூன்று நான்கு பெரியவர்கள் ஒத்துச் சொல்வதை மட்டும் வகுப்பின் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். ஆய்வு முறையையும் அப்படியே கற்றுக்கொள்வார்கள்.

பிள்ளைகள் சில கடினமான கேள்விகளைக் கேட்பார்கள். யாழ்ப்பாணத்தின் சிறப்பான உயிர்கள் எவை என்றால் உடனே நெடுந்தீவுக் குதிரையையும் பெருக்க மரத்தையும் சொல்வார்கள். இரண்டும் வெளியிலிருந்து வந்தவை. அப்படியானால் பார்த்தீனியம் என்ற களையும் வெளியிலிருந்து வந்ததுதானே, அதை மட்டும் ஏன் அழிக்கச் சொல்கிறீர்கள்? நல்ல கேள்வி. எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்த இடத்தில் என்ன செய்கிறது என்பதே அளவுகோல். பெருக்க மரம் மற்றவற்றைத் துரத்தவில்லை. பார்த்தீனியம் ஒரு செடியில் ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்த்து, பக்கத்துச் செடிகளை முளைக்கவிடாமல் இரசாயனம் சுரந்து, தோலில் ஒவ்வாமையும் உண்டாக்குகிறது. நெடுந்தீவுக் குதிரைகளைப் பற்றி மட்டும் ஒரு விவாதம் நடத்துங்கள். கோடையில் தண்ணீருக்கு அவை படும் பாடும், மேய்ச்சல் நிலத்தின் அளவும், தீவின் மக்கள் அவற்றின்மேல் வைத்திருக்கும் அன்பும் சேர்ந்து வரட்டும். ஒரே விடையில் முடியாது, முடியவும் தேவையில்லை.

பாம்பைப் பற்றியும் கேட்பார்கள். சாரைப்பாம்பு நஞ்சற்றது, வெங்காயக் கொட்டிலிலும் வயலிலும் எலியைப் பிடிப்பது அதுதான் என்று சொல்லுங்கள். நாகமும் விரியனும் ஆபத்தானவை என்பதையும் மறைக்காதீர்கள். எல்லா உயிரும் நமக்கு நல்லவை என்று சொல்லிவிட்டால், ஒரு கடி போதும், நாம் சொன்ன மற்றவையும் பொய்யாகிவிடும்.

இதைவிடக் கடினமான ஒன்று இருக்கிறது. சுண்டிக்குளம் 1938இலேயே பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. பூநாரைகள் வந்து இறங்கும் அந்த நீர்ப்பரப்பு காக்கப்பட வேண்டியது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் இடம்பெயர்ந்து, காணிக்குத் திரும்பக் காத்திருந்த மக்கள் நிறைந்த மாகாணத்தில், 'பாதுகாக்கப்பட்ட பிரதேசம்' என்ற பலகை சில வீடுகளில் அச்சத்தைத்தான் தரும். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை, "பறவைக்கு இடம் இருக்கிறது, எங்களுக்கு இல்லையா?" என்று கேட்டால், அது இயற்கைக்கு எதிரான கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே தொழில் செய்து வாழ்ந்தவர்களைக் கேட்காமல் போட்ட எல்லை நீண்டகாலம் நிலைப்பதில்லை என்பதும் பாதுகாப்புப் பாடத்தின் பகுதியே. யாரைக் கேட்டிருக்க வேண்டும், மீன்பிடியும் பறவையும் எந்தெந்த மாதங்களில் மோதுகின்றன, எந்த மாதங்களில் மோதவில்லை என்று அந்தப் பிள்ளையோடு சேர்ந்து வகுப்பே ஆராயட்டும்.

"ஒரு பயனும் இல்லாத உயிரை ஏன் காக்க வேண்டும்?" என்ற கேள்வியும் வரும். காட்டு நெல்லின் கதை பாதிப் பதில். மீதிப் பாதியைப் பயனைக் காட்டிச் சொல்ல வேண்டாம். பனையோலை நுனியில் தூக்கணாங்குருவி பின்னும் கூட்டை நாம் விற்பதில்லை, உண்பதில்லை. என்றாலும் அந்தப் பனையைத் தறிக்கும்போது நெஞ்சு உறுத்துகிறது. அந்த உறுத்தலும் ஒரு நியாயமான காரணமே என்று ஆசிரியர் வகுப்பில் துணிந்து சொல்ல வேண்டும். விஞ்ஞானப் பாடத்தில் அதற்கு இடமில்லை என்று நாமே அடக்கிவிட்டால் பிள்ளைகள் அதை வேறு எங்கே சொல்வார்கள்?

நேரம் இல்லை என்கிறீர்கள். கூழுக்கு ஒரு பாடவேளை, வேலிக்கு ஒன்று, பூசணிக்குப் பாடவேளை தேவையில்லை, அது வீட்டு வேலை. பெரியவர்களிடம் கேட்பது விடுமுறைக்கு. வெளியே போக முடிந்தால் சரசாலைக் குருவிக்காடு போன்ற ஒரு கண்டற் பகுதி, அதுவும் காலையில். மாரி தொடங்கிய பின் போனால் வலசை வந்த பறவைகளும் இருக்கும். கண்ணிவெடி முற்றாக அகற்றப்பட்டதா என்று உறுதியாகத் தெரியாத இடங்களுக்கு, முகமாலைப் பக்கம் போன்றவற்றுக்கு, பிள்ளைகளை எக்காரணம் கொண்டும் கூட்டிப் போகாதீர்கள். பார்த்தீனியத்தை வெறுங்கையால் பிடுங்க விடாதீர்கள்.

தவணைப் பரீட்சையில் வரைவிலக்கணத்தோடு இன்னொரு கேள்வியும் வையுங்கள்: "உங்கள் ஊர்க் குளத்தின் ஒரு பகுதியை நிரப்பிக் கடைத்தொகுதி அமைக்கப் பிரதேச சபை யோசிக்கிறது. குளத்தை நம்பியிருக்கும் மூன்று உயிரினங்களையும் அவை ஊருக்குச் செய்யும் வேலையையும் குறிப்பிட்டு, சபைக்கு ஒரு கடிதம் எழுதுக." உயிரினங்களைச் சரியாகச் சொல்வதற்குப் பாதிப் புள்ளி கொடுங்கள். கடைத்தொகுதிக்கு ஊரில் வேறு எந்த இடம் பொருந்தும் என்று காரணத்தோடு காட்டும் பிள்ளைக்கு மீதிப் பாதி.